உருளைக்கிழங்குத் தோட்டத்தில் நங்கூரம்

தென்கோடித் தீவொன்றில் இருக்கும் எங்கள் கெல்காய் ஊருக்கு ஒரே ஒரு கப்பல்தான் இருந்தது. அதன் பெயர் பலோமா. பலோமா என்றால் புறா. பெயர் வைத்தவர் புறாவைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு பாய்மரம், பருத்த வயிறு. நல்ல காற்று அடிக்கும் நாளில்கூட அது குண்டு வாத்து மாதிரி ஆடி ஆடித்தான் போகும்.

ஆனால் அந்த வாத்து இல்லாவிட்டால் எங்கள் ஊரில் ஒரு வேலையும் ஓடாது. எங்கள் உருளைக்கிழங்கையும், மரப்பலகைகளையும், புகைபோட்டுக் கோத்த மட்டி மாலைகளையும் ஏற்றிக்கொண்டு அது வடக்கே வல்பரைசோ துறைமுகம் வரைக்கும் போகும். திரும்பும்போது சர்க்கரை, மாவு, துணி, ஊசி எல்லாம் கொண்டுவரும். ஒரு தடவை பாதிரியாருக்கு மூக்குக்கண்ணாடி கொண்டுவந்தது. அதைப் போட்டுக்கொண்ட பிறகுதான், கோயிலில் பின்வரிசையில் தூங்குவது யார் யார் என்று அவருக்குத் தெரிந்தது. எங்கள் அப்பா அந்தக் கண்ணாடியை இன்னும் மன்னிக்கவில்லை.

வல்பரைசோவில் அப்போதே புகைவிடும் நீராவிக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் கேப்டன் நிக்கனோர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"புகை போட வேண்டியது மட்டிக்கு. கப்பலுக்கு எதுக்குய்யா புகை?" என்பார்.

இன்னொரு தடவை பலோமா பன்றிகளை ஏற்றிக்கொண்டு போனது. அதில் ஒன்று கேப்டனின் அறைக்குள் புகுந்து, கடல் வரைபடத்தைத் தின்றுவிட்டது. எங்கள் கரை முழுவதும் அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. கேப்டன் வேறு வரைபடம் வாங்கவே இல்லை.

"எனக்கெதுக்கு வரைபடம்? சாயங்காலம் ஆனா எங்க ஊர்சுலா அடுப்படி ஜன்னல்ல விளக்கு வைப்பா. அந்த விளக்கை வலது கைப்பக்கம் வச்சுக்கிட்டா ஆழமான தண்ணி. நேரா துறைக்குள்ள வந்துடலாம். நான் கண்ணை மூடிக்கிட்டு வருவேன்!"

அது பொய் இல்லை. பல வருஷமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்.

ஊர்சுலா அவர் மனைவி. தீலாவுக்கு அத்தை. தீலாவுக்கு வயது பத்து. முழுப்பெயர் தொமித்தீலா. ஆனால் அவ்வளவு நீளமாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் ஓடிவிடுவாள். அவள் வீட்டில் கிளவேல், லூசேரோ என்று இரண்டு காளைகள் இருந்தன. அவள் அப்பா தொண்டை கிழியக் கத்தினாலும் நகராத அந்தக் காளைகள், தீலா காதில் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும்.

அந்த வருஷம் பலோமா வல்பரைசோ போயிருந்தபோது, ஊர்சுலா அத்தை ஒரு முடிவு எடுத்தாள்.

"இந்த முனையில சதா காத்து. கூரை ஓடு ஒவ்வொண்ணா பறக்குது. எனக்கு வீட்டை அந்தப் பக்கம், ஆப்பிள் தோட்டத்துக்குக் கொண்டுபோகணும்."

வேறு ஊராக இருந்தால் புது வீடு கட்டச் சொல்வார்கள். நாங்கள் ஏன் கட்ட வேண்டும்? வீடு நன்றாகத்தானே இருக்கிறது, இடம்தானே சரியில்லை? மரவீட்டின் அடியில் பெரிய கட்டைகளைக் கொடுத்து, கயிறு கட்டி, ஊரிலுள்ள காளைகளையெல்லாம் பூட்டி, எல்லோருமாக இழுத்துக்கொண்டு போய்விடுவோம். இதற்கு மிங்கா என்று பெயர். யாருக்கும் கூலி கிடையாது. வீட்டுக்காரர் எல்லோருக்கும் வயிறு நிறையச் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மிங்காக்களுக்கெல்லாம் தலைவர் பாந்தலியோன். அவர் "இழு!" என்று கத்தினால் அடுத்த தீவில் இருக்கும் மாடுகளும் இழுக்கும். அவர் கத்த, நாங்கள் இழுக்க, வீடு கடற்கரையோரமாக ஊர்ந்து போனது. நானும் ஒரு கயிற்றைப் பிடித்திருந்தேன். இழுத்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள். ஊர்சுலா அத்தை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சூப் கிளறிக்கொண்டு வந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை என்பதில் அவளுக்குப் பெரிய பெருமை.

"அவரு வந்து பாக்கட்டும். அசந்து போயிடுவாரு!" என்று சொல்லிவிட்டு, புது இடத்தில், அதே ஜன்னலில், அதே விளக்கை ஏற்றி வைத்தாள்.

அவர் அசந்துதான் போனார்.

பௌர்ணமிக்குக் கடல் நன்றாக ஏறியிருந்தது. வடக்குக் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. இருட்டத் தொடங்கும் நேரத்தில் பலோமா வந்தது. கேப்டன் தூரத்திலேயே விளக்கைப் பார்த்துவிட்டார்.

"அதோ என் ஊர்சுலா! விளக்கு வலப்பக்கம்! பாயை விடு! நேரா போலாம்!"

நேராகத்தான் போனார்கள். ஒரு பெரிய அலை பலோமாவைத் தூக்கி, ஒரு குலுக்குக் குலுக்கி, புல்தரையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டது.

கேப்டன் சுக்கானை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மெலித்தோன், ஆழம் பாரு!" என்றார் கேப்டன்.

மெலித்தோன் கப்பலின் சமையல்காரன். ஆள் போதாதபோது மற்ற எல்லா வேலையும் அவன்தான். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கீழே விட்டான்.

"ஆழம்... ஒண்ணுமில்ல, கேப்டன்."

"அடியில என்ன? மணலா, சேறா?"

"கோழிக்கூடு, கேப்டன். ஒரு கோழி என்னை முறைக்குது."

அது பாந்தலியோனின் கோழிக்கூடு. யாருக்கும் அடி படவில்லை, கோழிகளுக்கும்தான். மாலுமிகள் ஏணியைப் போட்டு இறங்கி, நனைந்துகொண்டே அவரவர் வீட்டுக்கு நடந்து போனார்கள். ஊர்சுலா அத்தை மழையில் ஓடிவந்தாள்.

"ஐயோ! அடி கிடி பட்டுச்சா உங்களுக்கு?"

"ஊர்சுலா! வீடு எங்க?"

"அதோ, ஆப்பிள் தோட்டத்துல. நீங்க வந்து பாத்து சந்தோஷப்படணும்னு..."

"சந்தோஷமா? முனையில இருந்த வீடு இங்க வந்து நின்னா, என் கப்பல் எங்க போய் நிக்கும்?"

"அடுப்படியைப் பாத்து கப்பல் ஓட்டச் சொன்னது யாரு? வானத்துல நட்சத்திரமே இல்லையா?"

"கொட்டுற மழையில எங்கடி நட்சத்திரம்?"

"அப்போ வரைபடம்?"

"அதான் பன்னி தின்னுடுச்சே!"

அதோடு இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஊர்சுலா அத்தை, "இனிமே அந்த விளக்கைக் கையால தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். கேப்டன் கப்பலை விட்டு இறங்கவே இல்லை.

"துறைமுகத்துல நங்கூரம் போடாம நான் இந்தக் கப்பலை விட்டு இறங்கினதே கிடையாது. இப்பவும் இறங்க மாட்டேன்."

மறுநாளிலிருந்து தீலாவுக்குப் புது வேலை வந்தது. அத்தை வீட்டிலிருந்து சூப் தூக்கிக்கொண்டு போய், கயிற்று ஏணியில் ஏறி, மாமாவிடம் கொடுக்க வேண்டும். சூப்பாவது பரவாயில்லை. அதோடு சேர்த்துச் சேதியும் சுமக்க வேண்டும்.

"அந்தப் பிடிவாதக்காரக் கிழட்டு நண்டுகிட்ட சொல்லு, சூப் ஆறுறதுக்குள்ள குடிக்கணும்னு!" என்றாள் அத்தை.

தீலா ஏணியில் ஏறினாள். "சூடா குடிக்கணுமாம், மாமா."

கேப்டன் ஒரு வாய் குடித்தார். "வீட்டையே தூக்கிட்டு ஓடுற பொம்பளைகிட்ட போய்ச் சொல்லு, இதுல உப்பு இல்லேன்னு!"

தீலா இறங்கிப் போனாள். "சூப் ரொம்ப நல்லா இருக்காம், அத்தை. ஒரு கல்லு உப்பு கூட இருந்தா இன்னும் நல்லா இருக்குமாம்."

"அப்படியா சொன்னாரு?"

"கிட்டத்தட்ட."

அடுத்த நாள் அத்தை உப்பைக் கூட்டினாள். ஒரு பெரிய இறைச்சித் துண்டும் போட்டாள். தான்தான் அதைப் போட்டது என்று சொல்லக்கூடாது என்று தீலாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வேறு யார் போட்டிருக்க முடியும் என்று தீலா கேட்கவில்லை.

ஊரார் சும்மா இருக்கவில்லை. "வீட்டையே இழுக்கிறோம், ஒரு கப்பலைக் கடலுக்குள்ள தள்ள மாட்டமா?" என்றார் பாந்தலியோன். உடனே மிங்கா ஏற்பாடாயிற்று. பலோமா சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, அடியில் கட்டைகளை வைத்தார்கள். காளைகள் வந்து சேர்ந்தன. ஊர்சுலா அத்தை வாயைத் திறக்காமல் தன் வீட்டு முற்றத்தில் குழி தோண்டி, கல்லைப் பழுக்கச் சூடாக்கி, அதன்மேல் மட்டியும் இறைச்சியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் அடுக்கி, பெரிய இலைகளால் மூடிச் சமைத்தாள்.

"இழு!" என்று கத்தினார் பாந்தலியோன்.

கடல் வற்றிக் கிடந்தது. காளைகள் சேற்றில் கால் வைத்தன, உடனே காலை எடுத்தன. அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். முன்னால் சில்லென்ற சேறு. பின்னால் மேட்டில் சுடச்சுடச் சாப்பாடு. மூக்கு இருக்கிற யாராவது சேற்றுப் பக்கம் போவார்களா? எல்லாக் காளைகளும் தலையைத் திருப்பி ஊர்சுலா அத்தையின் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றன.

எப்படியோ கெஞ்சி, மிரட்டி, முட்டித் தள்ளி, பலோமா ஒரு கதவு அகலம் நகர்ந்தது. அப்போது 'மடக்' என்று ஒரு சத்தம். அடிப்பலகை ஒன்று பிளந்து விழுந்தது.

மெலித்தோன் குனிந்து பார்த்தான். பக்கத்துப் பலகையை விரலால் குத்தினான். விரல் உள்ளே போனது. கையால் அழுத்தினான். கை முழங்கை வரை போனது.

"என்னடா அங்க சத்தம்?" என்று மேலேயிருந்து கேப்டன் எட்டிப் பார்த்தார்.

எல்லோரும் பாந்தலியோனையே பார்த்தார்கள். கடைசியில் பாந்தலியோன்தான் பேசினார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"நிக்கனோர்... அடிப்பலகை பூரா கப்பல்புழு அரிச்சிருக்கு. வெறும் சல்லடைதான் மிச்சம். இவ இனிமே மிதக்க மாட்டா."

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். சுக்கானை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எங்கள் எல்லோருக்கும் அழுகை வந்தது. எங்கள் ஊருக்கு சர்க்கரையும் மாவும் கொண்டுவந்த பலோமா, இனி ஒருநாளும் கடலுக்குப் போகாது. அன்றைக்குச் சாப்பாட்டில் ஒருத்தர்கூட இரண்டாம் தடவை தட்டை நீட்டவில்லை. கெல்காயில் அப்படி அதற்கு முன் நடந்ததே இல்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அமாவாசை வந்துகொண்டிருந்தது. கடல் மறுபடியும் ஏறும்.

"வடக்குக் காத்தும் சேர்ந்துச்சுன்னா பலோமாவை விறகாக்கிடும், நிக்கனோர். இறங்கி வாப்பா," என்று கெஞ்சினார் பாந்தலியோன்.

"நங்கூரம் போடாத கப்பலை விட்டு கேப்டன் இறங்க மாட்டான்."

"நங்கூரத்தை நான் இங்கேயே போட்டுடறேன், கேப்டன்!" என்றான் மெலித்தோன்.

"கோழிக்கூடு ஒரு துறைமுகமாடா?"

பாதிரியார் வந்து கூப்பிட்டார். அண்ணாந்து பார்த்ததில் மூக்குக்கண்ணாடி சேற்றில் விழுந்ததுதான் மிச்சம். ஊர்சுலா அத்தை வரவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க அவள் தூங்காமல் நடந்துகொண்டிருந்ததாக அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் தீலா சூப்போடு ஏணியில் ஏறி, கப்பலுக்குள் கால் வைக்கப் போனாள்.

"ஏய், கால் துடைச்சிட்டு வா! இப்பத்தான் பெருக்கினேன்," என்றார் கேப்டன்.

தீலா அப்படியே நின்றாள். வாசலில் கால் துடைக்கப் பழைய பாய்த்துணி கிடந்தது. இரண்டு பாய்மரத்துக்கும் நடுவே கேப்டனின் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஓட்டை வாளியில் வெங்காயம் நட்டிருந்தார். சுருட்டி வைத்த கயிற்றுக்குள் பாந்தலியோனின் கோழி ஒன்று சௌகரியமாக அடைகாத்துக்கொண்டிருந்தது.

தீலா காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? இந்தக் கப்பல் புறப்பட்டா நீங்க தடுப்பீங்களா?"

"கப்பல் புறப்பட்டா கேப்டன் எதுக்குத் தடுக்கணும்? சுக்கானைப் பிடிப்பான்."

"போய்ச் சேருற துறைமுகத்துல இறங்குவீங்களா?"

"நல்ல துறைமுகமா இருந்தா இறங்குவேன்."

"ரொம்ப நல்ல துறைமுகம், மாமா. காத்து அடிக்காது. சாப்பாடும் கிடைக்கும்."

கேப்டன் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "வழி தெரிஞ்ச மாலுமிங்க இருக்காங்களா?"

"ரெண்டு பேரு இருக்காங்க. ஆளுக்கு நாலு கால்."

கேப்டன் மீசையைத் தடவினார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

தீலா நேராகப் பாந்தலியோனிடம் ஓடினாள்.

"பலோமாவை இழுக்கலாம், வாங்க!"

"இழுத்துப் பாத்தோமே, பிள்ளே. நீயும்தானே இருந்தே?"

"கடலுக்கு இல்லீங்க. மேட்டுக்கு!"

"கப்பலை எதுக்கு மேட்டுக்கு இழுக்கணும்?"

"அது கப்பல்னு யாரு சொன்னா? உள்ளே ஒருத்தர் குடியிருக்காரு. துணி காயப் போட்டிருக்காரு. வெங்காயம் நட்டிருக்காரு. உங்க கோழி அங்கதான் அடைகாக்குது. கால் துடைக்காம உள்ளே விட மாட்டேங்குறாரு. அப்போ அதுக்குப் பேரு என்ன?"

பாந்தலியோன் தாடியைச் சொறிந்தார். பலோமாவைப் பார்த்தார். மறுபடியும் தாடியைச் சொறிந்தார்.

"வீடு," என்றார் மெதுவாக.

"வீட்டை இழுக்க நமக்குத் தெரியாதா?"

"என்கிட்டயா கேக்குறே?" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது. "எங்க இழுக்கணும், சொல்லு!"

தீலா தாடையால் ஆப்பிள் தோட்டத்துப் பக்கம் காட்டினாள்.

ஊர்சுலா அத்தைதான் மல்லுக்கு நின்றாள். "யாரு வீட்டு மிங்கா இது? நான் எதுக்குச் சமைக்கணும்?"

"நீங்க சமைக்கலேன்னா காளை நகராது, அத்தை. அதுங்களுக்கு வாசனை வேணும்."

"காளைக்காகத்தான் சமைக்கிறேன். வேற யாருக்காகவும் இல்ல. போய்ச் சொல்லிடு!"

"சரி, சொல்லிடறேன்," என்றாள் தீலா. யாரிடமும் சொல்லவில்லை.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் பலோமா தன் கடைசிப் பயணத்துக்குப் புறப்பட்டது. ஊரிலுள்ள எல்லாக் காளைகளும் வந்தன. முதல் ஜோடியாகக் கிளவேலும் லூசேரோவும். அவற்றின் முன்னால் கையில் குச்சியோடு தீலா. மேட்டிலிருந்து வாசனை வந்தது. கிளவேல் மூக்கை விரித்தது.

"இழு!"

இந்தத் தடவை யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பலோமா கிறீச்சென்று முனகிக்கொண்டு நகரத் தொடங்கியது. கடல் பக்கமிருந்து காற்றும் அடித்தது. கேப்டனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"மெலித்தோன்! பாயை ஏத்து!"

"தரையிலயா, கேப்டன்?"

"காத்து இருக்குதா இல்லையா?"

காற்று இருந்தது. மெலித்தோன் பாயை ஏற்றினான், பாய் உப்பியது, காளைகளுக்குப் பாரம் குறைந்தது. பிறகு அவன் பாய்மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கத்தத் தொடங்கினான்.

"முன்னால வேலி! வேலி தாண்டி ஒரு பசுமாடு! பசுமாடு வழி விடுது!"

"வலப்பக்கம் திரும்பு!" என்று கேப்டன் சுக்கானைச் சுழற்றினார். தீலா லூசேரோவின் காதில் ஒரு வார்த்தை சொன்னாள். காளைகள் வலப்பக்கம் திரும்பின. பலோமாவும் திரும்பியது.

"பாத்தீங்களாடா!" கேப்டன் சுக்கானைத் தட்டிக்கொடுத்தார். "இன்னும் என் சுக்கான் பேச்சைக் கேக்குறா!"

கயிறு பிடித்திருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு அவர் எந்தப் பக்கம் சுழற்றினாலும் தீலா அந்தப் பக்கமே காளைகளைத் திருப்பினாள். அதனால் நேராகப் போக வேண்டிய வழியில் பலோமா கொஞ்சம் வளைந்து வளைந்துதான் போனது. அதுதான் அதற்குப் பழக்கமான நடை.

சாயங்காலம் பலோமா ஊர்சுலா அத்தையின் அடுப்படிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"நங்கூரம் போடு!"

மெலித்தோன் நங்கூரத்தைத் தள்ளிவிட்டான். அது தொப்பென்று உருளைக்கிழங்குப் பாத்தியில் விழுந்து புதைந்தது.

"என் உருளைக்கிழங்கு!" என்று அடுப்படிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"தரை நல்லாப் பிடிக்குது," என்றார் கேப்டன் திருப்தியாக. ஆனால் இறங்கவில்லை. சுக்கானைப் பிடித்துக்கொண்டு, இருட்டாக இருந்த அடுப்படி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தோம்.

தீலாவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே ஓடினாள். அத்தை மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் விளக்கு தூசி படிந்து இருந்தது.

"விளக்கை ஏத்துங்க, அத்தை."

"மாட்டேன். அந்த விளக்காலதான் கப்பல் போச்சு. என்னாலதான் போச்சு." அத்தையின் கண்ணில் தண்ணீர் நின்றது. "அவரு முகத்துல எப்படி முழிப்பேன்?"

தீலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அன்னிக்கு மாமா ஒழுங்கா துறைக்குள்ள வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"என்ன ஆயிருக்கும்? கப்பல் பத்திரமா இருந்திருக்கும்."

"அப்புறம் உருளைக்கிழங்கை ஏத்திக்கிட்டு மறுபடி கிளம்பியிருப்பாரு. அந்தப் புழு அரிச்ச பலகையோட. அது நடுக்கடல்ல பிளந்திருந்தா?"

அத்தை விளக்கையே பார்த்தாள்.

"கோழிக்கூட்டுப் பக்கத்துல தரை தட்டினதால எல்லாரும் நடந்து வீட்டுக்கு வந்துட்டாங்க. உங்க விளக்கு மாமாவைத் தப்பான இடத்துக்குக் கூட்டிட்டு வரல, அத்தை. வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வந்துச்சு."

அத்தை அடுப்படித் துணியால் மூக்கைத் துடைத்தாள். அதே துணியால் விளக்குக் கண்ணாடியையும் துடைத்தாள். திரியைத் தூண்டி, ஏற்றி, ஜன்னலில் வைத்தாள்.

வெளியே கேப்டன் ஒரு பெருமூச்சு விட்டார்.

"விளக்கு வலது கைப்பக்கம்," என்றார். "சரியான துறைமுகம்தான்."

ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி, உருளைக்கிழங்குச் செடிகளுக்கு நடுவே கால் வைத்தார். ஊர்சுலா அத்தை வாசலில் நின்றாள்.

"சூப்புல உப்பு சரியா இருந்துச்சு," என்றார் கேப்டன்.

"உப்பைக் கூட்டினதுக்கு அப்புறமா?"

"முத நாளே சரியாத்தான் இருந்துச்சு. கோவத்துல சொன்னேன். அந்தக் கிழட்டு நண்டை மன்னிச்சிடு."

"கிழட்டு நண்டுன்னு நான் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் குரல் கப்பல் வரைக்கும் கேக்காதா? தீலா நடுவுல சர்க்கரை தடவினதும் கேட்டுச்சு."

இருவரும் திரும்பித் தீலாவைப் பார்த்தார்கள். தீலா லூசேரோவின் காதில் ஏதோ முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அமாவாசையன்று கடல் ஏறியது. வடக்குக் காற்றும் சேர்ந்துகொண்டது. பலோமா நின்ற இடத்தைக் கடல் வழித்துத் துடைத்துவிட்டது. பாந்தலியோனின் கோழிக்கூடும் போய்விட்டது. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை முன்பே பலோமாவில் குடியேறி, கப்பலோடு மேட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன.

அந்த வருஷம் எங்கள் உருளைக்கிழங்கு பக்கத்துத் தீவுக் கப்பலில் போனது. அந்தக் கப்பல்காரர்களுக்கு விளக்கு இருக்கும் புது இடத்தைக் கேப்டனே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அது துறைக்கு வரும்போதெல்லாம் பலோமாவின் மேல் நின்றுகொண்டு, "இடப்பக்கம்! இன்னும் இடப்பக்கம்!" என்று கத்துவார். அவர்களுக்குக் கேட்காது. அதனால் கெடுதல் ஒன்றும் வரவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் அவர் ஒரு வேலை செய்தார். பலோமாவின் தடித்த கயிற்றை எடுத்து, ஒரு முனையைக் கப்பலிலும் மறுமுனையை அடுப்படித் தூணிலும் இறுக்கிக் கட்டினார். நாங்கள் எல்லோரும் முற்றத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தோம்.

"இது எதுக்கு?" என்று கேட்டாள் ஊர்சுலா அத்தை.

"நான் அசந்து தூங்கும்போது நீ மறுபடி வீட்டை எங்கேயாவது இழுத்துட்டுப் போயிட்டா? இனிமே எது போனாலும் ரெண்டும் சேர்ந்துதான் போகணும்."

பாந்தலியோன் வீட்டைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். முடிச்சையும் இழுத்துப் பார்த்தார்.

"அப்போ அடுத்த மிங்காவுக்கு இன்னும் நாலஞ்சு ஜோடி காளை சேர்த்துச் சொல்லிவைக்கணும்," என்று சொல்லிவிட்டு, சூப் கிண்ணத்தை இரண்டாம் தடவை நீட்டினார்.